பதினொரு விநாடித் தமிழ்

ஜனவரி 7, சனி

காலை ஏழு மணிக்கு −11 பாகை. பின்வளவில் நான் நட்டு வைத்திருக்கும் அளவுகோலில் பனி 63 சென்ரிமீற்றர். நேற்றையதிலும் 9 கூட.

இன்று முதல்முறையாக ஸ்னோமொபைலில் ஏறினேன். ஏறினேன் என்பது சரியான சொல் அல்ல, ஏற்றப்பட்டேன். எழுபது வயதில் இது தேவையா என்று நேற்றே மூன்று தரம் கேட்டுவிட்டேன். ஆனால் மருமகன் கேதீஸ்வரன் ஹெல்மெட், முழங்கால் வரையான சப்பாத்து, உள்ளே பஞ்சு வைத்த காற்சட்டை எல்லாம் என் அளவுக்கு வாங்கி வைத்துவிட்டார். யாராவது எனக்கென்று ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் மறுக்கத் தெரியாது.

“மூண்டு வருசமா யன்னலுக்குள்ளால பனியை அளந்துகொண்டிருக்கிறியள் மாமா. ஒருக்கா அதுக்கு மேல ஏறிப் பாருங்கோவன்.”

“விழுந்தால்?”

“விழுந்தாப் பனியிலதானே விழுவியள். சிமெந்திலயே விழப் போறியள்?”

மனைவி போன பிறகு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் இந்த மலை ஊருக்கு மகள் நளாயினியிடம் வந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். கேதீஸ் மரஆலையில் மின்சார வேலை. அவரிடம் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. பழையது இனி எனக்காம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் துடுப்புகள் வைத்த நீண்ட இறப்பர்ப் பட்டி, வலது பெருவிரலால் அழுத்தும் ஒரு சின்ன நெம்பு. அந்த நெம்புதான் எல்லாம்.

காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீற்றர் போனோம். நடந்து வருகிற ஒருவரால் என்னை முந்தியிருக்க முடியும்.

யாழ்ப்பாண நீதிமன்றங்களில் நான் முப்பத்தொரு வருடம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். மற்றவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வது தொழில். துணிச்சல் தேவைப்படாத தொழில் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜனவரி 8, ஞாயிறு

−9. பனி 63. இடுப்பும் வலது பெருவிரலும் வலிக்கின்றன. நளாயினி வலிக்கு மருந்து தந்தாள், திட்டு கேதீஸுக்கு.

ஜனவரி 15, ஞாயிறு

ஸ்னோமொபைல் சங்கத்தின் மண்டபத்தில் முழுநாளும் பனிச்சரிவு வகுப்பு. நடத்தியவர் டேல், மரஆலை மெக்கானிக், கேதீஸின் நண்பர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் பதினான்கு பக்கம் குறிப்பு எடுத்தேன். வேறு யாரும் கடதாசி கொண்டு வந்திருக்கவில்லை.

நெஞ்சில் கட்டும் சிறு பெட்டிக்கு பீக்கன் என்று பெயர். பனிக்குள் புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்பதை மற்றவர்களின் பெட்டிக்கு அது சொல்லும். ஆழம் பார்க்க மடித்து விரிக்கும் தடி. தோண்ட ஷவல். காலின் கீழிருந்து “வூம்” என்று ஒரு சத்தம் வந்தால் அடியில் உள்ள பலவீனமான பனி அடுக்கு உடைந்துவிட்டது என்று பொருள். எல்லோருக்கும் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும்.

மிக முக்கியமான விதி: செங்குத்தான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரே தோண்டி வெளியே வரவேண்டும். உதவிக்கு யாரும் போகக்கூடாது. ஒருவரின் பாரத்தைத் தாங்கிய சரிவு இரண்டாமவரின் பாரத்தைத் தாங்காமல் போகலாம்.

நான் கை உயர்த்தி, மாட்டிக்கொண்டவர் வயதானவர் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“தோண்டட்டும். களைத்தால் இருக்கட்டும். பிறகு தோண்டட்டும்,” என்றார் டேல். “என் சொந்தத் தம்பி நாற்பது நிமிடம் தோண்டுவதை நான் கீழே இருந்து பார்த்தேன். சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு. அவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். என்னோடு கதைப்பதில்லை, ஆனால் இருக்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கேதீஸ் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். “தகப்பன் தோண்ட மகன் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? எங்கட ஆக்களுக்குச் சரிவராது மாமா.”

“விதி எண்டால் விதிதானே தம்பி.”

“ஓம் ஓம். நீங்கள் எழுதுங்கோ.”

ஜனவரி 29, ஞாயிறு

−14. ஒரே இரவில் 38 சென்ரிமீற்றர் புதுப்பனி. இந்தப் பனியை இங்கே பவுடர் என்கிறார்கள். கையில் அள்ளினால் பாரம் இல்லை. ஊதினால் போய்விடுகிறது.

ஊரிலிருந்து இருபது கிலோமீற்றர் உள்ளே, பாதையே இல்லாத ஒரு வெளிக்குக் கேதீஸும் டேலும் கூட்டிப்போனார்கள். அங்கே இயந்திரம் பனிக்கு மேலே ஓடுவதில்லை, பனிக்குள்ளே ஓடுகிறது. நின்றபடி ஓட்ட வேண்டும். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் முழுப் பாரத்தையும் இடது பாதத்தில் போட்டு, கைபிடியை வலப்பக்கம் திருப்ப வேண்டும். எழுபது வருடம் உடம்பு பழகியதற்கெல்லாம் எதிர்மாறு. எல்லாவற்றிலும் முக்கியம், பெருவிரலை விடக்கூடாது. பயந்து விட்டால் இயந்திரம் தாழும். பட்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும்.

“பெருவிரல் மாமா, பெருவிரல்!” என்று, ஒவ்வொருவரும் தோளில் மாட்டியிருந்த பேசும் றேடியோவில் கேதீஸ் கத்திக்கொண்டே வந்தார். “மரத்தைப் பாக்காதேங்கோ. மரத்தைப் பாத்தா மரத்துக்குத்தான் போவியள். வெளியைப் பாருங்கோ!”

வெளியைப் பார்த்தேன். பனி நெஞ்சளவு எழும்பி, ஹெல்மெட் கண்ணாடியில் மோதி, இரு தோள்களுக்கு மேலாலும் பறந்தது. சில விநாடிகள் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. இயந்திரத்தின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. பயம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. அதற்கு எந்த மொழியிலும் சொல் தேட எனக்கு விருப்பமில்லை. நான் சத்தமிட்டேனாம்.

“கூவினவர்,” என்று இரவுச் சாப்பாட்டில் கேதீஸ் சொன்னார். “குயில் மாதிரி இல்லை நளா, முட்டையிட்ட கோழி மாதிரி.”

நளாயினி சிரிக்கவில்லை. “எங்கட அப்பாவுக்கு ஏதும் நடந்துதெண்டா உங்களை இந்தப் படியில கால் வைக்க விடமாட்டன். சொல்லிப்போட்டன்.”

“அப்ப உம்மட கோழியைக் கூடையால மூடி வையும்.”

பிறகு அவளும் சிரித்தாள். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி 17, வெள்ளி

−8. இரண்டு நாளில் 46 சென்ரிமீற்றர். பனிச்சரிவு அறிவித்தல்: மேல் மலையில் அபாயம் அதிகம், நடு மலையில் கணிசம். டேல் தொலைபேசியில் சொன்னார், நாளை உயரத்துக்குப் போவதில்லை, பழைய மரப்பாதைக்கு மேலே உள்ள சின்னச் சரிவு மட்டும். முழங்காலைச் சாட்டி நான் வீட்டில் நிற்கலாம். ஆனால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

பெப்ரவரி 27, திங்கள்

ஒன்பது நாட்களாக எழுதவில்லை. அளவுகோலையும் பார்க்கவில்லை.

கேதீஸ்வரன் 18ஆம் திகதி காலமானார். நேற்று முன்தினம் தகனம் முடிந்தது. ரொறன்ரோவிலிருந்து அவருடைய தமையன் வந்து கடமைகளைச் செய்தார்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். காலை 9.30க்கு மூவரும் புறப்பட்டோம். 11.10க்குச் சரிவின் அடிக்கு வந்தோம். டேல் முதலில் ஏறி, மேலே ஒரு பாறை மேட்டில் நின்றார். அடுத்து நான் ஏறினேன். நடுவில் என் இயந்திரம் தாழ்ந்தது. கேதீஸ் அடியில் மரங்களின் ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நின்றார். றேடியோவில் பேச்சு நடந்தது. வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வந்தார். எனக்கு இடப்பக்கமாக, அவருக்கு நேர்மேலே சரிவு உடைந்தது. அதன் ஓரம் என்னை இடுப்பளவு மூடியது. அவருக்கு மேலே இரண்டு மீற்றர். பதினாறாவது நிமிடத்தில் டேல் தோண்டி எடுத்தார்.

பொலிஸ் வாக்குமூலத்திலும் அவ்வாறே பதியப்பட்டுள்ளது.

மார்ச் 2, வியாழன்

−4. பனி 118.

நளாயினி வேலைக்குத் திரும்பினாள். மதியச் சாப்பாட்டை அவளே கட்டினாள். பழக்கத்தில் இரண்டு பெட்டிகளில் கட்டிவிட்டாள். பிறகு ஒன்றைத் திறந்து சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டி, வெறும் பெட்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். மூடி உடைந்தது. அள்ளிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

−2. பனி 114.

டேல் வந்தார். மனைவி செய்த வாழைப்பழக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கனநேரம் நின்றார். பிறகு என்னிடம், “இதை உங்களுக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் செய்தது சரி,” என்றார். “றேடியோ என் தோளில்தான் இருந்தது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. அவனைத் தடுக்க என்ன பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.”

நளாயினி குசினி வாசலில் கை கட்டியபடி நின்றாள். “அவர் ஆரின்ர சொல்லைத்தான் கேட்டவர்?” என்று எனக்குத் தமிழில் சொன்னாள். டேலுக்கு ஆங்கிலத்தில், “அவர் ஒருபோதும் சொல் கேட்பவரல்ல,” என்றாள்.

“நல்லவன். பிடிவாதக்காரன்,” என்றார் டேல். கண்ணைத் துடைத்தார். தன் ஹெல்மெட்டில் கமரா ஓடிக்கொண்டிருந்ததாகவும், அதற்குள் இருந்த பதிவு அட்டையைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டதாகவும், தான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதுமில்லை என்றும் சொன்னார்.

தேத்தண்ணி ஊற்றினேன்.

அவர் போன பிறகு 27ஆம் திகதி எழுதியதை வாசித்தேன். ஒழுங்காகத்தான் இருக்கிறது. வரவேண்டாம் என்று சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை.

மார்ச் 11, சனி

0 பாகை. கூரையிலிருந்து பனி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் எழுந்து நின்றேன்.

நளாயினி கேதீஸின் உடுப்புகளைக் கறுப்புப் பைகளில் அடைத்தாள். மடிக்கவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, கடைசியா அவர் றேடியோவில ஏதும் சொன்னவரே?”

“இல்லைப் பிள்ளை.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமில்லை.”

அவருடைய சேட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். “நீங்கள் வரவேண்டாம் எண்டு கத்துறியள். இந்த மனுசன் ஒரு பதிலும் சொல்லாமல் ஏறிக்கொண்டு வருது. என்னை ஒரு செக்கன் நினைச்சதே? அழத்தான் பாக்கிறன் அப்பா. கோவம்தான் வருது. அவற்ர படத்தைப் பாத்தா அறையவேணும் போலக் கிடக்கு.”

சேட்டைப் பைக்குள் போட்டாள். நான் பையின் வாயைக் கட்டினேன். இரட்டை முடிச்சு.

மார்ச் 20, திங்கள்

இன்று முப்பத்தோராம் நாள். இந்த ஊரில் ஐயர் இல்லை. அந்தியேட்டிக் கிரியையைத் தமையன் ரொறன்ரோவில் செய்தார். வீட்டில் படத்துக்கு முன்னால் அவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கும்படி தொலைபேசியில் சொன்னார்.

“அவருக்கு நான் ஒண்டும் படைக்கமாட்டன்,” என்றாள் நளாயினி. “செத்தவீட்டில நான் அழேல்ல எண்டு அங்க கதைக்கினமாம். கதைக்கட்டும்.”

நானே சமைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல். பால் திரைந்துவிட்டது. வாழை இலைக்குப் பதிலாக வெள்ளைத் தட்டு. நளாயினி அந்த அறையைத் தாண்டிக் கார்க் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வரும்போதும் பார்க்கவில்லை.

படத்துக்கு முன்னால் நான் தனியாக இருந்தேன். அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவளுக்கல்லவா சொல்ல வேண்டும் என்று எழுந்துவிட்டேன். அவளுக்கும் சொல்லவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

மரண விசாரணை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். எழுதியவர் திருமதி ஹோல்ம் என்ற அதிகாரி. டேலின் கமராவில் அவருடைய றேடியோவின் ஒலியும் பதிந்திருக்கிறது. அதில் பதினொரு விநாடி தமிழ் என்று நினைக்கிறார்கள். நான் முன்னர் மொழிபெயர்ப்பாளனாக இருந்ததை டேல் சொல்லியிருக்கிறார். சிரமமில்லை என்றால் நானே மொழிபெயர்த்து அனுப்பலாம். சிரமம் என்றால் வேறொருவரை ஏற்பாடு செய்வார்கள், சில வாரங்கள் எடுக்கும். விசாரணையின் முடிவை இது மாற்றாது, ஆவணக் கோவை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. ஆழ்ந்த அனுதாபங்கள். ஒலித்துண்டு இணைக்கப்பட்டுள்ளது.

தன்னோடு சம்பந்தப்பட்ட வழக்கில் மொழிபெயர்ப்பாளன் ஈடுபடக் கூடாது. அந்த ஒரு வசனத்தை எழுதி மறுத்துவிடலாம். மறுத்தால் இன்னொருவர் செய்வார். அவர் செய்தது, மனைவி என்பதால், தபாலில் நளாயினியின் பெயருக்கு வரும்.

ஒலித்துண்டைத் திறக்கவில்லை.

மார்ச் 29, புதன்

மழையும் பனியும் கலந்து. பதில் எழுதவில்லை.

மார்ச் 31, வெள்ளி

மொழிபெயர்ப்பின் மாதிரி ஒன்றை எழுதிப் பார்த்தேன். ‘வரவேண்டாம், அங்கேயே நில்லுங்கள்.’ ஆங்கிலத்தில் சில சொற்கள்தான். எளிதாக வந்தது. இதனால் யாருக்கும் நட்டமில்லை. முடிவு மாறாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். நிறுத்தியது மனச்சாட்சி என்று எழுதினால் அதுவும் பொய். அந்த வசனத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பதைக் கவனித்தபோதுதான் கை நின்றது.

ஏப்ரல் 2, ஞாயிறு

நளாயினி வேலைக்குப் போன பிறகு காதில் ஒலிவாங்கியை மாட்டினேன். ஒலிவாங்கி அல்ல, பிழை. கேட்கும் கருவி. இன்று சொற்கள் ஒழுங்காக வரவில்லை.

கேட்டேன்.

அன்றைக்கு நான் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இதை எங்கும் எழுதவில்லை. சரிவின் அடியில் நிற்கும்போது, “தம்பி, நானும் ஒருக்கா ஏறட்டே?” என்று கேட்டது நான். கேதீஸுக்குப் பெரிய சந்தோசம். “ஏறுங்கோ மாமா, பாத்துக்கொண்டு நிக்கிறன்,” என்று முதுகில் தட்டினார். ஏறினேன். பாதித் தூரம் பனி நெஞ்சளவு பறந்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தேன். மேலே இன்னும் அவ்வளவு சரிவு இருந்தது. பெருவிரல் தானாக விட்டுவிட்டது. இயந்திரம் தாழ்ந்தது.

முதுகுப் பையில் ஷவல் இருந்தது. அதை எடுக்கவில்லை. இறங்கி ஒரு கால் வைத்தேன். அப்போது காலின் கீழே “வூம்” என்று கேட்டது. அதன் பொருள் எனக்குத் தெரியும். வகுப்பில் எழுதி வைத்திருக்கிறேன், அடிக்கோடும் இட்டிருக்கிறேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டும், யாரும் கிட்ட வரக்கூடாது. நான் றேடியோவை அழுத்தினேன்.

“தம்பி, எனக்கு ஏலாமக் கிடக்கு. பயமாக் கிடக்கு. வாங்கோ.”

இதுதான் நான் சொன்னது. ஐந்து விநாடி. சத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மிச்சம் ஆறு விநாடி கேதீஸ்.

“வாறன் மாமா. பயப்பிடாதேங்கோ. வாறன். இதை நளாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, என்ன?”

‘என்ன’வுக்குப் பிறகு சிரிக்கிறார். பிறகு இயந்திரத்தின் சத்தம். பன்னிரண்டாவது விநாடியில் டேல் “நோ, நோ, நோ” என்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பொலிஸ்காரர் கம்பளி ஒன்றை என்னைச் சுற்றிப் போட்டுவிட்டு, அன்பாகத்தான், “நீங்கள் அவரை வரவேண்டாம் என்றுதானே சொன்னீர்கள், ஐயா?” என்று கேட்டார். விடையை உள்ளே வைத்த கேள்வி. நீதிமன்றத்தில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். சாட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்து உள்ளுக்குள் இகழ்ந்திருக்கிறேன். நான் தலையாட்டினேன்.

நளாவிடம் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார் என்பதை இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் பனியில் மாட்டிய பகிடியைத்தான் அவர் சொல்லவேண்டாம் என்றார். அது எனக்கு எப்போதும் தெரியும்.

ஏப்ரல் 8, சனி

3 பாகை. பனி 71.

காலையில் மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்தேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், பேசியவர் பெயர், விநாடி. சிரிப்பையும் குறித்தேன். அடியில் வழக்கமான வாசகம்: மேலே உள்ளது எனது அறிவுக்கெட்டியவரை உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு. அதன் கீழே, பேசியவர்களில் ஒருவன் நானே, என் வாக்குமூலத்தில் உள்ளது தவறு.

நளாயினி நாலு மணிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. மேசையில் கடதாசியை வைத்தேன்.

“என்னப்பா இது?”

“டேலின்ர கமராவில இருந்தது. நானும் தம்பியும் கதைச்சது.”

தமிழ்ப் பக்கத்தை மட்டும் வாசித்தாள். அவளுடைய சப்பாத்திலிருந்து பனி உருகி நிலத்தில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாங்கோ எண்டு… நீங்களே சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“வரவேண்டாம் எண்டில்லை.”

“இல்லை.”

“நான் கேட்டனான். அந்த அறைக்குள்ள வைச்சுக் கேட்டனான், ஏதும் சொன்னவரோ எண்டு.”

“ஓம் பிள்ளை.”

“ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்.”

“தம்பிதான் உம்மட்டச் சொல்லவேண்டாம் எண்டு…” என்று தொடங்கிவிட்டேன். முடிக்கவில்லை. தொடங்கியதே போதும், என்னை நான் அறிந்துகொள்ள.

“ஏழு கிழமை அப்பா.” குரல் உயரவில்லை. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பது போலச் சொன்னாள். “ஏழு கிழமையா அந்த மனுசனை நான் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறன். அந்தியேட்டிக்கும் இருக்கேல்ல. அவற்ர உடுப்பெல்லாம் குடுத்திட்டன். ஒரு சேட்டுக்கூட வைக்கேல்ல. நீங்கள் பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.”

“ஓம்.”

“சத்தம் இருக்கே?”

மடிக்கணினியைக் காட்டினேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சப்பாத்தோடு மேலே போனாள். கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான்.

மொழிபெயர்ப்பு இன்னும் திருமதி ஹோல்முக்குப் போகவில்லை. கணினி அவளிடம். திங்கட்கிழமை தபாலில் போடுவேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

கதவடியில் சாப்பாடு வைத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

எடுத்தாள். கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

ஏப்ரல் 12, புதன்

டேல் வந்தார். நளாயினி வாசலிலேயே நின்று அவருக்கு எல்லாம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, “எனக்கு விளங்கியிருந்தால் முன்பே கத்தியிருப்பேன்,” என்றார். உள்ளே பார்த்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஏப்ரல் 13, வியாழன்

ரொறன்ரோவில் முதியோர் விடுதி ஒன்றின் விபரங்களை எடுத்து வைத்தேன். தமிழர்கள் நடத்துவது. கடதாசி மேசையில் இருப்பதை நளாயினி பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

“பயந்ததுக்கு நான் கோவிக்கேல்ல அப்பா.”

மற்றப் பாதியைச் சொல்லவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

காலை ஒன்பது மணி. அளவுகோலைப் பார்க்கப் போகவில்லை.

நளாயினிக்கு இன்று விடுமுறை. மற்ற நாட்களில் வேலையால் வந்த பிறகுதான் அந்த ஒலித்துண்டைக் கேட்பாள். இன்று எழும்பியவுடனேயே தொடங்கிவிட்டாள். அவளுடைய அறைக் கதவு மூடியிருந்தாலும் குசினி அதற்கு நேர்கீழே. எல்லாம் கேட்கிறது. முதலில் நான். பிறகு கேதீஸ். பிறகு அவருடைய சிரிப்பு. டேலின் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து.

நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ, அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் அழுத சத்தம் கேட்டது. சிறு வயதில் காய்ச்சல் வந்தால் அழுவது போன்ற அழுகை. கேதீஸ் போன பிறகு இதுதான் முதல்தரம். அவருடைய பெயரைச் சொன்னாள். திட்டும்போது சொல்லும் ‘இந்த மனுசன்’ அல்ல, பெயர்.

கணினித் திரையில் ஒரு கோடு இருக்கிறது. அதை விரலால் நகர்த்தினால் என் ஐந்து விநாடியைத் தாண்டி நேரே அவருடைய குரலுக்குப் போய்விடலாம். வெட்டியும் எடுக்கலாம். படியேறிப் போய்க் கதவைத் தட்டி அதைச் செய்து கொடுக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு படி ஏறினேன். பிறகு, அதனால் ஆறுதல் யாருக்கு என்று கேட்டுக்கொண்டேன். இறங்கிவிட்டேன்.

அவளுக்கும் அந்தக் கோட்டைத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். நகர்த்தவில்லை. ஒவ்வொரு தரமும் தொடக்கத்திலிருந்தே கேட்கிறாள். தண்டனையா, வேறேதுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

பருப்பு அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டு நிற்கிறேன். மேலே நான் கூப்பிடுகிறேன். அவர் வாறன் என்கிறார். சிரிக்கிறார்.

மறுபடி நான் கூப்பிடுகிறேன்.